5600ஜி எடுத்தது பிழையா? நண்பரின் ஐ5 முந்திக்கொண்டு ஓடுகிறது

கல்லடிக்காரன்:
வணக்கம். கல்லடியில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்கள்தான் பிழைப்பு. தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் வாங்கக் காசில்லாததால், போன மாதம் உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ஏஎம்டி ப்ரொசசர் ரைசன் 5 5600ஜியைப் போட்டு கொம்பியூட்டர் கட்டினேன். நண்பரிடம் இருப்பது இன்டெல் ஐ5 12400, அவரிடமும் கார்ட் இல்லை. இரண்டுமே 6 கோர், 12 த்ரெட். ஆனால் வீடியோ வெட்டும் பிரீமியரில் ஒரே கிளிப்பைப் போட்டால் அவருடையது வழுக்கிக்கொண்டு போகிறது. என்னுடையதில் கெட்டிமேளம் முடிந்துவிடும், மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நிற்கும். விற்றுவிட்டு இன்டெலுக்கு மாறவா?

தேன்நாட்டான்:
மாறுங்கள். உங்கள் ப்ரொசசர் உட்காரும் ஏஎம்4 மதர்போர்ட் 2016இல் வந்த சாமான், இனி அதில் என்ன இருக்கு?

கல்முனை வாசி:
பொறுங்கள் தம்பி, விற்க முதல் ஒன்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தைத் திறந்து, ராம் எத்தனை ஸ்லொட்டில் இருக்கிறது, வேகம் எவ்வளவு, ‘ஹார்ட்வேர் ரிசர்வ்ட்’ எவ்வளவு என்று எழுதுங்கள். கமராவில் எந்த ஃபோர்மட்டில் எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கல்லடிக்காரன்:
இரண்டு ஸ்லொட்டில் ஒன்றுதான், 16 ஜிபி. வேகம் 2133. ரிசர்வ்ட் 2.1 ஜிபி. கமரா எச்265 சுருக்கத்தில், 10 பிட், நிற விவரம் கூடின 4:2:2.

கல்முனை வாசி:
அதுதானே பார்த்தேன். 5600ஜியின் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி இல்லை, உங்கள் ராமில்தான் கை வைக்கும். அந்த 2.1 ஜிபி அப்படிப் போனதுதான். டிடிஆர்4 3200இல் ஒரு ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும், இரண்டு என்றால் 51.2. நீங்கள் ஒன்றை, அதுவும் 2133இல் ஓட்டுகிறீர்கள். அதே மாதிரி இன்னொரு ஸ்டிக் போட்டு, கொம்பியூட்டர் தொடங்கும்போது திறக்கிற பயோஸ் செட்டிங்கில், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஒன் பண்ணுங்கள்.

ஆனால் முழுப் பழியும் ராமில் இல்லை. எச்265 4:2:2 சுருக்கத்தை 12400இன் உள் கிராபிக்ஸ் தானே பிரித்துவிடும். 5600ஜியின் உள் கிராபிக்ஸான வேகாவால் அது ஏலாது, பாரமெல்லாம் கோர்களில் விழும். இந்த ஒரு வேலைக்கு இன்டெல்தான் மேல், அதை மறைக்க ஏலாது. புதிதாக வாங்குகிறவருக்கு 12400 என்றே சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன், செகண்ட் ஹாண்டில் போகிற விலைக்கு ப்ரொசசரோடு போர்ட் காசும் கரையும்.

அக்கரைப்பற்றான்:
12400 எடுத்தாலும் விலை குறைவென்று 12400எஃப் எடுத்துவிடாதீர்கள். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. நான் எடுத்து, கறுப்புத் திரையைப் பார்த்தபடி இரண்டு நாள் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன்.

கல்லடிக்காரன்:
இன்னொரு 16 ஜிபி வாங்கிப் போட்டேன். இப்ப 3200 காட்டுகிறது. ஃபோட்டோஷாப்பில் அல்பம் திறப்பது நல்ல வேகம், சாதாரண 4:2:0 கிளிப் தடங்கலில்லாமல் ஓடுகிறது. 4:2:2 மட்டும் இன்னும் திக்குகிறது.

கல்முனை வாசி:
அதற்கு ப்ரொக்ஸி, அதாவது கிளிப்பின் பாரம் குறைந்த நகல், செய்து வெட்டுங்கள். இரவு படுக்க முதல் போட்டுவிட்டால் விடிய ரெடி. இடையில் கரண்ட் போனால் தாங்க யூபிஎஸ் இருக்குத்தானே?