வகுப்பறைக்குக் கலைஞர்கள் வந்தபோது என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கணக்கு டீச்சர், செய்யாறு பக்கம்

கலைத் திருவிழா ஒத்திகைக்காக எங்கள் பள்ளிக்குக் கூத்து மிருதங்கக்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அன்று மழை, மைதானம் முழுக்கச் சேறு. நேராக என் ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் மீச்சிறு பொது மடங்கு நடத்திக்கொண்டிருந்தேன். போர்டில் 3, 4, அதன் கீழே 12, 24. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம தாளக் கணக்காச்சேம்மா" என்றார்.

ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்குத் "தகிட", மூன்று எண்ணிக்கை. மறுபக்கத்துக்குத் "தகதிமி", நான்கு எண்ணிக்கை. இரண்டையும் ஒரே வேகத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். 'த' வரும்போது மட்டும் கைதட்ட வேண்டும். முதல் அடி எல்லோருக்கும் ஒன்றாக விழுந்தது. உடனே பிரிந்து, வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. அப்புறம் திடீரென்று இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே அடி.

கடைசி வரிசையில், வாயே திறக்காத பெண் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், சேர்ந்து வந்தது பதிமூணுல. நீங்க பன்னிரண்டுன்னு போட்டிருக்கீங்க." அடுத்தது எப்போது வரும் என்றேன். "இருபத்தஞ்சு." தட்டிப் பார்த்தால் 25-தான்!

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்: "மொத அடி கிளம்புற அடி பாப்பா. அங்கேர்ந்து எவ்வளவு தள்ளி வருதுன்னு எண்ணு." பதிமூன்றில் ஒன்று போனால் பன்னிரண்டு.

இத்தனை வருடமாக இதே பாடத்தை நடத்துகிறேன். எண்ணிக்கையை எங்கிருந்து தொடங்குவது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்னமும் யோசிக்கிறேன். உங்கள் பள்ளியில் எப்படி?

தமிழாசிரியர்

பத்தாம் வகுப்பு 'நிகழ்கலை' பாடம் எல்லோருக்கும் தெரியும். கரகாட்டம், மயிலாட்டம், தேவராட்டம், தப்பாட்டம் என்று வரிசையாக மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஒருமுறை பறை அடிக்கிற தம்பி ஒருவரை அழைத்து வந்தேன். "யார் வீட்டிலாவது பறை இருக்கா?" என்று வகுப்பில் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை.

அடிப்பதற்கு முன்னால் தோலைச் சூடு காட்ட வேண்டும் அல்லவா? பள்ளிக்குப் பின்னால் காகிதங்களைக் கொளுத்தினோம். அந்தத் தம்பி போனில் பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டார். நெருப்பு அணையப் போகிற நேரம், என் மாணவன் ஒருவன் பறையை எடுத்தான். தோலைத் தீப்பக்கம் சாய்த்து, ஒரே இடத்தில் நிற்கவிடாமல் சுற்றிக்கொண்டே இருந்தான். நடுநடுவே விரலால் சுண்டிக் காதருகில் வைத்துக் கேட்டான். போதும் என்று அவனே முடிவு செய்து நீட்டினான். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவன் அப்பா வந்தார். கோபமில்லை, கத்தவில்லை. "அவனை இதுல இழுத்துவிடாதீங்க சார். எழவு வீட்டுக்கு அடிக்கப் போறது என்னோட முடியணும்னுதான் படிக்க அனுப்புறேன்."

என்னிடம் பதில் இல்லை. கலைத் திருவிழாவில் அதே பறைக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று சொல்ல நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

என் அனுபவம் சின்னது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து தோற்பாவைக் கூத்துக்காரர் ஒருவர் வந்தார். ஒளி பாடம் நடந்துகொண்டிருந்த சமயம். வேட்டித் திரைக்குப் பின்னால் விளக்கு, அனுமார் வருகிறார். ஒரு பையன், "சார், நிழல் கறுப்பாத்தானே இருக்கணும்? இது எப்படி சார் சிவப்பா இருக்கு?" என்று கேட்டான். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, வெளிச்சம் கசிகிற அளவுக்கு மெல்லிசாக்கிச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். ஒளிகசியும் பொருளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அவ்வளவுதான்.

அப்புறம் சில விஷயங்கள். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கலைஞரை வழிபாட்டுக் கூட்டத்தில் நிறுத்தி மொத்தப் பள்ளிக்கும் மைக்கில் பேச வைக்காதீர்கள். ஒரே ஒரு வகுப்புக்கு அனுப்புங்கள். முந்தின வாரமே வரச்சொல்லி, நடத்தப்போகிற பாடத்தைக் காட்டுங்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் வாசித்துக் காட்டுங்கள், நாம் எதிர்பாராத இடத்தில் பிடித்துக்கொள்வார். வகுப்பாசிரியர் கூடவே உட்கார வேண்டும். அவர் வந்துவிட்டார், நாம் பேப்பர் திருத்தலாம் என்று கிளம்பினால், பிள்ளைகளுக்கு அது வேடிக்கை, பாடம் வேறு என்று ஆகிவிடும். செய்யாறு டீச்சர் வகுப்பில் நடந்தது டீச்சரும் அங்கே இருந்ததால் நடந்தது. கருவியைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். பணத்தை அன்றே கையில் கொடுத்துவிடுங்கள், பில் பாஸ் ஆகட்டும் என்று அலையவிட வேண்டாம். சாப்பாடு ஆசிரியர் அறையில், நம்மோடு.

தமிழாசிரியருக்கு ஒன்று. "யார் வீட்டில் பறை இருக்கு" என்று வகுப்பில் கேட்பது, சாதி என்ன என்று கேட்பதற்குச் சமம். ஒரு ஆசிரியர் அதைக் கேட்கலாமா?

தமிழாசிரியர்

ஐயா, என் கேள்வியை எடுத்துவிட்டால் அந்த அப்பாவின் வலி போய்விடுமா? கிராமத்தில் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அவனை யாரும் கேலி செய்யவில்லை. கருவியை வகுப்புக்குள் கொண்டுவருவது சுலபம், வீட்டுக்குள் அதற்கு இருக்கிற கணக்கு வேறு. அதைத்தான் எழுதினேன்.

ஓவியம் பகுதிநேரம்

எல்லோரும் வந்து போகிற கலைஞர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். பள்ளிக்குள்ளேயே ஒருவர் இருக்கிறார், கவனித்தீர்களா? கல்வி உரிமைச் சட்டப்படி, நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் நடுநிலை வகுப்புகளுக்குக் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும். 2012-ல் எங்களை எடுத்தபோது மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரைநாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். நிரந்தரம் கேட்டுப் பல வருடம் போராட்டப் பந்தலில்தான்.

மனதில் நிற்பது ஒரு பீரியட். சுவர் விளம்பரம் எழுதுகிற பெரியவர் ஒருவரை என் வகுப்புக்குக் கூட்டி வந்திருந்தேன். நூலில் சுண்ணாம்புப் பொடி தடவி, சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டினார், 'டப்' என்று நேர்கோடு விழுந்தது. நோட்டில் இருந்த கையளவு எழுத்தை ஆள் உயரத்துக்கு எப்படிப் பெரிதாக்குவது என்று கட்டம் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். நோட்டில் ஒரு கட்டம், சுவரில் ஒரு முழம். பாதி எழுத்து முடிந்திருக்கும். கணக்கு சார் வாசலில் வந்து நின்றார். "போர்ஷன் முடியல, இந்தப் பீரியட் எனக்குக் குடுங்க." அந்தச் சுவரில் நடந்துகொண்டிருந்ததே விகிதக் கணக்குதான்! பெரியவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

கூத்துக்காரன், காஞ்சிபுரம்

வணக்கம். நான் ஆசிரியன் இல்லை, பெண் வேஷம் கட்டுகிறவன். ஒரு பள்ளியில், "பத்து நிமிஷம் ஆடிக் காட்டுங்க" என்றார்கள். அரிதாரம் பூசி, முடி வைத்து, சேலை கட்டி எழவே ரொம்ப நேரம் ஆகும். பரவாயில்லை, பிள்ளைகள் முன்னாலேயே பூசிக்கொள்கிறேன் என்றேன். ஆட்டத்தைவிட அதைத்தான் கண் கொட்டாமல் பார்த்தார்கள். மீசையை வழித்த முகத்தில் பாஞ்சாலி வர வர, சிரிப்புச் சத்தம் குறைந்துகொண்டே போனது.

ஒரு சிறுமி கேட்டாள்: "பாஞ்சாலி பொம்பளைதானே? பொம்பளையே ஏன் ஆடல?" நல்ல கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் ஆசிரியர் ஒருவர், "கலைஞரை அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று உட்கார வைத்துவிட்டார்.

கணக்கு டீச்சர், செய்யாறு பக்கம்

அண்ணா, என்ன சொல்லியிருப்பீர்கள்?

கூத்துக்காரன், காஞ்சிபுரம்

ரொம்ப காலம் பெண்களை மேடையில் ஏற விடவில்லை பாப்பா, இப்போது ஆடுகிறார்கள் என்று சொல்லியிருப்பேன். எங்கள் ஊர்ப் பக்கம் புஞ்சரசந்தாங்கலில், 1990-ல் கூத்துக்காரர்களே சேர்ந்து தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. தெருக்கூத்தைத்தான் கட்டைக்கூத்து என்கிறோம். 2002 முதல் 2020 வரை அங்கே குருகுலம் நடந்தது. பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே இடத்தில். பெண் பிள்ளைகள் அங்கே கற்றுக்கொண்டு துரியோதனன் மாதிரி வேஷமே கட்டினார்கள். நீ வேண்டுமானால் பீமன் கட்டு என்று அவளிடம் சொல்லியிருப்பேன்.

டீச்சர், அந்த மிருதங்கக்காரர் எங்கள் கூத்துக் குழுவான ஜமாவைச் சேர்ந்தவராக இருக்கலாம் போலிருக்கிறது. இடது கைப்பழக்கம் உள்ளவரா?