பொதுச் சுகாதாரச் சான்றிதழுக்கு 48,000 ரூபாய் கட்டலாமா? (அவசரம்)

மேலூர்ப்புறா:
அனைவருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரத்தில் ஓராண்டு இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றில் சேரலாம் என்றிருக்கிறேன். கட்டணம் 48,000 ரூபாய். தவணை என்றால் மாதம் 4,500 வீதம் பன்னிரண்டு மாதம். வெள்ளிக்கிழமையோடு சேர்க்கை முடிகிறது என்று நாளுக்கு மூன்று முறை அழைக்கிறார்கள். படித்தால் வேலை கிடைக்குமா? விரைவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகை வடகரை:
என்ன படித்திருக்கிறீர்கள், இப்போது என்ன வேலை, எந்தப் பணியை மனத்தில் வைத்து இதைப் படிக்க நினைக்கிறீர்கள் என்ற மூன்றையும் விட்டுவிட்டீர்களே. செவிலியருக்கும் வணிகவியல் படித்தவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. இருக்கட்டும், தவணையைக் கூட்டினால் 54,000 வருகிறது. அந்த 6,000 ரூபாய் எதற்கு என்று கேட்டீர்களா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
தம்பி, இணையத்தில் பொதுச் சுகாதாரம் கற்க முடியாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் சுகாதார ஆய்வாளர் நிலை 2 பணிக்கு, பிளஸ் டூவில் உயிரியலும் அதன்மேல் ஈராண்டுப் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர் பயிற்சியும் வேண்டும். ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பேருந்து ஏறிக் காந்திகிராமத்தில் இறங்கி, அந்தப் பயிற்சியைப் பற்றி விசாரியுங்கள்.

நெற்றிக்கண்:
இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தேடல் பெட்டியை இங்கே அழகுக்காக வைக்கவில்லை. சான்றிதழ், பட்டயம், பட்டம் மூன்றும் வெவ்வேறு என்பதையாவது முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பொதுச் சுகாதாரப் பட்டயம் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கானது, எம்.பி.ஹெச். என்பது முதுகலைப் பட்டம். நீங்கள் கேட்பது இரண்டும் அல்ல.

கணக்குப்பிள்ளை:
ஆய்வாளர் ஐயாவின் கருத்தோடு நான் உடன்படவில்லை. தொண்டு நிறுவனத் திட்டங்களில் ஆள் எடுக்கும்போது, காய்ச்சல் கண்டவர்களின் பட்டியலைப் பிழையின்றித் தொகுத்து, எந்தத் தெருவில் எந்த நாளில் எண்ணிக்கை ஏறியது என்று எக்செல்லில் காட்டத் தெரிந்தவரைத்தான் நாங்கள் தேடுகிறோம். அதை வீட்டிலிருந்தே கற்கலாம்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
பட்டியலுக்கு எண் எங்கிருந்து வருகிறது? செல்லூரில் ஒரு வீட்டில் தொட்டி, குடம், ஆட்டுக்கல் எல்லாவற்றையும் பார்த்துக் கொசுப்புழு இல்லை என்று எழுதிவிட்டுக் கிளம்பிய பணியாளரைத் திரும்ப அழைத்து, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டை இழுக்கச் சொன்னேன். அரை டம்ளர் தண்ணீர்தான் இருந்தது. டார்ச் வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின. உங்கள் எக்செல்லில் அந்த வீடு சுத்தமான வீடாகத்தான் இருந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்று வாரந்தோறும் ஒப்பிட்டால்தானே அடுத்து எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவது என்பது தெரியும்?

நெற்றிக்கண்:
சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இலேயே வந்துவிட்டது. அப்போது எக்செல்லும் இல்லை, குளிர்சாதனப் பெட்டி வைத்திருந்த வீடும் அரிது. கேட்டவரைக் காணோம், நீங்கள் இருவரும் சண்டையிடுகிறீர்கள்.

மேலூர்ப்புறா:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். நான் தம்பி அல்லள், பெண். பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்து, மதுரையில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் பதிவு மேசையில் இருக்கிறேன். சம்பளம் 13,000. அரசு வேலையோ திட்ட வேலையோ, எதுவாயினும் சரி.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
மன்னிக்க வேண்டும் அம்மா. நான் சொன்ன பயிற்சியின் பெயரிலேயே ‘ஆண்’ என்று சேர்த்து எழுதுவார்கள். பெண்களுக்கு அதற்கு இணையாக இருப்பது துணைச் செவிலியர் பயிற்சி, அதுவும் ஈராண்டு. பட்டம் பெற்ற பின் அங்கே திரும்புவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வைகை வடகரை:
விலங்கியல் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும், புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் எம்.எஸ்ஸி. ஈராண்டுப் படிப்பாக இருக்கிறது. விலங்கியல் படித்தவருக்கு நேராகப் பொருந்துவது அதுதான். அந்த மையத்தின் கள நிலையம் நம் சின்ன சொக்கிக்குளத்திலேயே இருக்கிறது. ஒரு நாள் விடுப்பெடுத்து நேரில் போய்க் கேளுங்கள். ஈராண்டு சம்பளம் போனால் 3,12,000 ரூபாய் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கட்டணத்தைவிட அந்த இழப்புத்தான் பெரியதாக இருக்கும். வேலையை விட முடியாதென்றால், சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் சுகாதார ஆராய்ச்சியின் அடிப்படைகளை எட்டு வாரப் பாடமாக நடத்தியிருக்கிறது. அத்தளத்தில் சேர்வது இலவசம், நேரில் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற மட்டும் 1,000 ரூபாய் என்பதே வழக்கம். இப்போதைய அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க அந்தச் செலவு போதும்.

கணக்குப்பிள்ளை:
இன்னொன்று. அழைப்பவர்களிடம், இந்தச் சான்றிதழைப் பெயர் சொல்லித் தகுதியாகக் கேட்ட பணி அறிவிக்கை ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். அவர்களுடைய விளம்பரத்தாளை அறிவிக்கை என்று ஏற்காதீர்கள்.

நெற்றிக்கண்:
இதைத்தான் நான் தொடக்கத்திலேயே சொன்னேன்.

வைகை வடகரை:
நீங்கள் தேடல் பெட்டியைப் பற்றித்தான் சொன்னீர்கள்.

மேலூர்ப்புறா:
கேட்டேன். மேலாளரிடம் பேசிவிட்டு அழைப்பதாகச் சொன்னார்கள். வெள்ளி போய்த் திங்களும் ஆகிவிட்டது, அழைக்கவில்லை. பணம் கட்டவில்லை. வியாழக்கிழமை சின்ன சொக்கிக்குளம் போகிறேன். அனைவருக்கும் நன்றி.