அன்னாள், அன்னா, ஹன்னா: மூன்றும் ஒரே பெயர்தானா?

கேள்வி – ஏடுபுரட்டி

பழைய தமிழ் விவிலியத்தில் சாமுவேலின் தாயும், லூக்கா 2:36-இல் வரும் முதிய பெண் தீர்க்கதரிசியும் அன்னாள் என்றே அழைக்கப்படுகிறார்கள். ஆங்கில விவிலியத்திலோ முன்னவர் ஹன்னா, பின்னவர் அன்னா. ஒரே பெயர் எனில் அங்கே மட்டும் ஏன் இரண்டாகப் பிரிந்தது? நம் ‘அன்னை’யிலிருந்துதான் இது போயிற்று என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார், அதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – வேர்தேடி

ஒரே பெயர்தான். எபிரேயத்தில் அதன் முதலெழுத்து ‘ஹேத்’. தொண்டையில் உரசிப் பிறக்கும் ஒலி. அருள்கூர்தலைக் குறிக்கும் மூவெழுத்து வேர் ஒன்றிலிருந்து வந்த பெயர் அது. அந்த வேரின் பின்னிரண்டு எழுத்துகளும் நகரமே என்பதால்தான் பெயரின் நடுவே ஒலி இரட்டிக்கிறது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், தங்கள் நெடுங்கணக்கில் ஹேத்துக்கு ஈடான எழுத்து இல்லாமையால், அதை விட்டுவிட்டு ‘அன்னா’ என்று எழுதினார்கள். லத்தீனும் அவ்வழியே சென்றது. 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்போ பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்தும் புதியதைக் கிரேக்கத்திலிருந்தும் பெயர்த்ததால், ஒரே நூலுக்குள் இரு வடிவங்களும் நிலைத்துவிட்டன. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சாராள், பெனின்னாள் என்பவற்றைப் போல ‘ஆள்’ விகுதி சேர்த்து, இருவரையும் அன்னாள் ஆக்கினார்கள். யோவான் என்ற பெயரின் பிற்பாதியிலும், எபிரேயத்துக்கு உறவான மொழி பேசிய கார்த்தேஜின் படைத்தலைவன் ஹன்னிபாலின் பெயரிலும் இருப்பது இதே வேர்தான்.

மறுமொழி – பழஞ்சுவடி

பெயர் இவ்வளவு பரவியதற்கு நீங்கள் குறிப்பிட்ட இருவரும் முதன்மைக் காரணம் அல்லர் என்பது என் கருத்து. இயேசுவின் தாய் மரியாளைப் பெற்றவரே காரணம். அவர் பெயர் நான்கு நற்செய்திகளிலும் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் எழுந்த, விவிலியத்தில் சேர்க்கப்படாத ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’தான் அவருக்கு அன்னா என்று பெயரிடுகிறது, பிள்ளைப்பேறின்றி அழுது வேண்டும் அந்த அன்னாவின் கதை சாமுவேலின் தாயுடைய கதையை அப்படியே ஒத்திருக்கிறது. அவர்மேல் கொண்ட பக்தி கிழக்கே பைசாந்தியத்தில் (கிழக்கு ரோமப் பேரரசில்) வேரூன்றிப் பின்னர் மேற்கே பரவியது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் கீவ் இளவரசர் விளாதிமிரை மணந்த பைசாந்திய அரசகுமாரியின் பெயரும் அன்னாதான். 1505-இல் இடிமின்னலில் சிக்கிய இளைஞர் மார்ட்டின் லூதர், “புனித அன்னாவே, காப்பாற்று, நான் துறவியாகிறேன்” என்று கதறினாராம். சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதர் அன்னா. லூதரின் தந்தையும் சுரங்கத் தொழில் செய்தவர். அச்சத்தில் வாயில் வந்தது வீட்டில் கேட்டுப் பழகிய பெயர் போலும்.

மறுமொழி – வேர்தேடி

அன்னையை மறந்துவிட்டேன். சங்கப் பாடல்களிலேயே ‘அன்னாய்’ என்ற விளி பயில்கிறது; அது திராவிட உறவுச்சொல், எபிரேயப் பெயரோடு தொடர்பற்றது. ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது. மறுதலையாக, அரபுக் கிறிஸ்தவரிடையே ஹன்னா என்பது ஆண்பெயர். யோவானின் அரபு வடிவமான யூஹன்னாவின் சுருக்கம் அது. இதை அறியாமல் அப்பெயருடைய ஒருவருக்கு நான் ‘அம்மையீர்’ என்று விளித்து மடல் எழுதி அசடு வழிந்ததுண்டு.