பொருள்: தீயணைப்பு நிலையம்: சோலாருக்கு முன்னால் தண்ணீர்

எல்லாருக்கும் வணக்கம்.

புதிதாகக் கட்டப்போகும் தீயணைப்பு நிலையத்துக்கு நம் சங்கம் சார்பில் சோலார் வாங்கித் தரலாம் என்கிற பேச்சு நல்லதுதான். ஆனாலும் பணம் முதலில் தண்ணீருக்குப் போகட்டும். தீயணைப்பு நிலையக் கட்டடங்களைப் பெரும்பாலும் தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம்தான் கட்டுகிறது. வரைபடம் முடிவாவதற்குள் கேட்டால்தான் உண்டு.

தீயணைப்பு வண்டியின் டேங்க் 4,500 லிட்டர். இரண்டு ஹோஸ் (தண்ணீர் பீய்ச்சும் குழாய்) திறந்தால் பத்து நிமிடம் தாங்குவதே அரிது. திரும்பி வந்து நிரப்பும்போதுதான் வினை. மேல்நிலைத் தொட்டி 20 அடி உயரத்தில் இருந்தாலும், அதிலிருந்து ஒன்றரை இஞ்ச் குழாய் போட்டிருந்தால் வண்டி நிரம்ப 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். நாலு இஞ்ச் குழாயும் அதே அளவு கேட் வால்வும் போட்டால் ஐந்தே நிமிடம். செலவு வித்தியாசம் சொற்பம். மேல்தொட்டி 10,000 லிட்டராவது இருக்கட்டும், அடுத்தடுத்து இரண்டு நடைக்கு வரும்.

கீழே 50,000 லிட்டர் சம்ப் (தரைக்கடித் தொட்டி) வேண்டும், கூரை மழைநீரை அதில் விடலாம். 300 சதுர மீட்டர் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால், சேதாரம் போக 24,000 லிட்டர் சேரும். உப்பான போர்வெல் தண்ணீரை மட்டும் நம்பினால் பம்ப் அரித்துப்போகும். பம்ப் ஓட்டிப் பார்க்கும் தண்ணீரையும் வண்டல் தொட்டி வழியாகச் சம்புக்கே திருப்பலாம். ஃபோம் (எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை) பயிற்சித் தண்ணீருக்கு மட்டும் தனி வால்வு, தனிக் குழி வேண்டும். அது சம்புக்கும் போகக்கூடாது, கண்மாய்க்கும் போகக்கூடாது.

இனி சோலார். 5 கிலோவாட் போட்டால் நாளுக்குச் சுமார் 20 யூனிட் கிடைக்கும். மின்வாரிய லைனோடு மட்டும் இணைந்து ஓடும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். புயல் ராத்திரியில் வயர்லெஸ்ஸும் போனும் செத்துக் கிடந்தால் பேனல் எதற்கு? பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் 5 யூனிட் லித்தியம் பேட்டரியும் கேளுங்கள். வயர்லெஸ், கண்காணிப்பு அறை விளக்கு, வண்டி பேட்டரி சார்ஜர் எல்லாம் சேர்ந்து 300 வாட்டுக்குள் அடங்கினால் 12 மணி நேரம் ஓடும். ஏசியை அந்த லைனில் மாட்ட விடாதீர்கள், யார் கேட்டாலும்.

வண்டி நிற்கும் தரைக்கு டைல்ஸ் வேண்டவே வேண்டாம். தண்ணீரோடு 10 டன்னுக்கு மேல் வரும் வண்டி. சக்கரத்தடியில் டைல்ஸ் விரியும், ஈரத்தில் ஓடுகிறவன் கால் வழுக்கும். கம்பி கட்டிய 8 இஞ்ச் கான்கிரீட், வாசல் பக்கம் லேசான சரிவு, அங்கே எண்ணெய் பிரிக்கும் தொட்டியோடு ஒரு வடிகால், அது போதும்.

ஹோஸ் காயவைக்க 30 அடிக் கோபுரம் வேண்டும். 15 மீட்டர் ஹோஸை நடுவில் மடித்துத் தொங்கவிட்டால் சரியாக இருக்கும். நிழலும் காற்றும் அவசியம். வெயிலில் போட்டால் உள் ரப்பர் வெடிக்கும்.

செயலாளர் அண்ணன் பொறியாளரிடம் குழாய் அளவை மட்டும் இந்த வாரமே கேட்டுச் சொன்னால் நல்லது. தளம் போட்ட பிறகு மாற்ற முடியாது.