ஐந்து ரிமோட்டை ஒன்றாக்க வேண்டும், டிவி வேவு பார்க்கவும் கூடாது: எப்படி இணைப்பது?

கேள்வி

வணக்கம். கையில் இருப்பவை: 4கே ஸ்மார்ட் டிவி, 5.1 ஏவி ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி), ஸ்ட்ரீமிங் ஸ்டிக், ப்ளூரே பிளேயர், கேம் கன்சோல். மூன்று சாதனங்களும் நேராக டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டுகளில் செருகியிருக்கின்றன. டிவியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிக்கல் கேபிள் போகிறது.

சிக்கல்கள்: சத்தத்தைக் கூட்டக் குறைக்க ரிசீவர் ரிமோட்டைத் தனியே தேட வேண்டியிருக்கிறது. ப்ளூரே போட்டாலும் ரிசீவர் ஸ்டீரியோ என்றே காட்டுகிறது. ஸ்டிக் படத்தின் நடுவே அணைந்து மறுபடி தொடங்குகிறது (டிவியின் யூஎஸ்பியிலிருந்துதான் அதற்கு மின்சாரம்). கன்சோல் நினைத்த நேரத்தில் டிவியை எழுப்பிவிடுகிறது.

இன்னொன்று. டிவியை முதலில் இயக்கியபோது கேட்ட எல்லா ஒப்புதலுக்கும் 'சரி' கொடுத்தாயிற்று. ஆனால் எல்லாமே ஸ்டிக்கில் பார்ப்பதால், என்ன ஓடுகிறது என்று டிவிக்குத் தெரியாது அல்லவா?

பதில் 1

முதலில் ஆப்டிக்கல் கேபிளைக் கழற்றுங்கள். அதில் ஒலி மட்டும்தான் போகும். சத்தம் கூட்டு, குறை என்ற கட்டளை போக வழியே இல்லை. அந்தக் கட்டளை சிஇசி எனப்படும் கம்பி வழியே, எச்டிஎம்ஐயில் மட்டும் போகிறது.

மூன்று சாதனங்களையும் ரிசீவரின் இன்புட்டுகளில் செருகுங்கள். ரிசீவரில் 'அவுட்' பக்கம் ஆர்க் (டிவியின் ஒலியை அதே கேபிளில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) என்று எழுதியிருக்கும் போர்ட்டிலிருந்து, டிவியில் ஆர்க் அல்லது இ-ஆர்க் (அதன் மேம்பட்ட வடிவம்) என்று எழுதியிருக்கும் போர்ட்டுக்கு ஒரே கேபிள். டிவியில் பெரும்பாலும் ஒரு போர்ட்டில்தான் அந்த வசதி இருக்கும். பக்கத்துப் போர்ட்டில் செருகினால் படம் வரும், டிவியின் ஒலி ரிசீவருக்குத் திரும்பி வராது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

விநாடிக்கு 60 பிரேம் ஓடும் 4கே எச்டிஆர் படத்துக்கு 18 ஜிபிபிஎஸ் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' கேபிள் போதும். கன்சோலில் 4கே 120 பிரேம் வேண்டுமென்றால் 48 ஜிபிபிஎஸ் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு'. ரிசீவர் பழையது, 4கே 120-ஐக் கடத்தாது என்றால் கன்சோலை மட்டும் டிவியிலேயே விட்டுவிடுங்கள். அதன் ஒலி ஆர்க் வழியே வந்து சேரும்.

ஸ்டீரியோ வருவதற்குக் காரணம் அநேகமாக டிவியின் ஒலி அமைப்பில் 'பிசிஎம்' (சுருக்கப்படாத ஒலி) தேர்வாகியிருப்பது. ஆப்டிக்கலிலும் சாதாரண ஆர்க்கிலும் பிசிஎம் என்றால் இரண்டு சேனல்தான். 'பாஸ்த்ரூ' (வந்த ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) அல்லது 'ஆட்டோ' ஆக்குங்கள். ப்ளூரேயை ரிசீவரில் நேராகச் செருகச் சொல்வதும் இதற்காகவே: ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்ற உயர்தர ஒலி வடிவங்கள் இரண்டையும் சாதாரண ஆர்க் சுமக்காது, இ-ஆர்க்தான் சுமக்கும். டிடிஎஸ்ஸைக் கடத்தாத டிவிகளும் உண்டு.

ஸ்டிக் அணைவது மின்சாரப் பற்றாக்குறை. யூஎஸ்பி 2.0 போர்ட்டின் வரையறை 0.5 ஆம்பியர்தான். கூட வந்த அடாப்டரைச் சுவரில் செருகினால் தீர்ந்தது.

பதில் 2

சிஇசி பற்றிக் கொஞ்சம் விரிவாக. டிவி மெனுவில் சிஇசி என்ற பெயரே இருக்காது. சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', எல்ஜியில் 'சிம்ப்ளிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்', பிலிப்ஸில் 'ஈஸிலிங்க்'.

எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஆன் செய்யாதீர்கள். எது குழப்புகிறது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. எல்லாவற்றிலும் ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் விடுங்கள். டிவி, ரிசீவர் இரண்டையும் மட்டும் இயக்கி சிஇசியையும் ஆர்க்கையும் ஆன் செய்யுங்கள். டிவி ரிமோட்டில் சத்தம் மாறுகிறதா? மாறினால் ஸ்டிக்கைச் சேருங்கள். பிறகு ப்ளூரே.

கன்சோலில் சிஇசியை ஆஃபிலேயே விடலாம். அது விழித்ததும் "நான் வந்துவிட்டேன், திரையை என் பக்கம் திருப்பு" என்று டிவிக்குக் கட்டளை அனுப்புகிறது. உங்கள் டிவி தானாக எழுவது அதனால்தான். சிஇசி முகவரிகளில் பிளேயர் வகைக்கு வழக்கமாக மூன்று இடம்தான் என்பதையும் மனதில் வையுங்கள். பின்னால் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் ஏதோ ஒன்று காணாமல் போகும்.

ஸ்டிக் ரிமோட்டில் சத்தம் மாறாவிட்டால், அது அகச்சிவப்பில் அனுப்புகிறதா பாருங்கள். ரிசீவர் அலமாரிக் கதவுக்குப் பின்னால் இருந்தால் அந்தக் கதிர் போய்ச் சேராது. ஸ்டிக் அமைப்பில் ஒலிக் கட்டுப்பாட்டை சிஇசிக்கு மாற்றுங்கள். அப்புறம் அன்றாடத்துக்கு அந்த ஒரு ரிமோட் போதும்.

பதில் 3

டிவிக்குத் தெரியாது என்ற எண்ணம் தவறு, நண்பரே. ஏசிஆர் என்ற நுட்பம் திரையில் வரும் படத்தையும் ஒலியையும் கைரேகைபோல் பதிவெடுத்து, சர்வரில் ஒப்பிட்டு, என்ன ஓடுகிறது என்று அடையாளம் காண்கிறது. படம் எந்த வழியாக உள்ளே வந்தது என்பது அதற்குப் பொருட்டல்ல. 2024-இல் வெளியான ஒரு பல்கலைக்கழக ஆய்வில், எல்ஜி டிவி 15 விநாடிக்கு ஒருமுறையும் சாம்சங் டிவி நிமிடத்துக்கு ஒருமுறையும் ஏசிஆர் சர்வரோடு பேசியது பதிவானது. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்றவற்றை டிவியின் உள் ஆப்பில் ஓட்டியபோது அடங்கியிருந்த அது, எச்டிஎம்ஐயில் செருகிய கணினிக்கும் கன்சோலுக்கும் வேலை செய்தது. ஆக, டிவியை இணையத்தில் விட்டுவிட்டு ஸ்டிக்குக்கு மாறுவது காப்பு அல்ல. நிலைமை மோசமாகவும் கூடும்.

கேட்காமலேயே செய்ததும் உண்டு: ஒப்புதல் இன்றி 1.1 கோடி டிவிகளில் பார்வைத் தரவு திரட்டிய வழக்கில், விசியோ நிறுவனம் 2017-இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டிச் சமரசமானது.

அணைக்க வேண்டியவை: சாம்சங்கில் 'வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்', சோனியில் 'சாம்பா இன்டராக்டிவ் டிவி', ரோக்கு டிவியில் 'யூஸ் இன்ஃபோ ஃப்ரம் டிவி இன்புட்ஸ்'. அதே ஆய்வில், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றதும் ஏசிஆர் போக்குவரத்து நின்றது. ஆகவே மெனுவில் அணைப்பது வீண்வேலை அல்ல.

நான் பரிந்துரைப்பது ஒருபடி மேலே: ஃபேக்டரி ரீசெட் செய்து, கட்டாயமில்லாத ஒப்புதல்களை மறுத்து, வைஃபை படியைத் தாண்டிவிடுங்கள். ரீசெட்டுக்கு முன் படத்தின் அமைப்புகளைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு: உள் ஆப்கள், குரல் தேடல், தானியங்கி அப்டேட். அப்டேட் கோப்பை நிறுவனத் தளத்திலிருந்து இறக்கி யூஎஸ்பியில் போடலாம்.

கேட்டவர்

எல்லாம் செய்தாயிற்று. சத்தம் ஒரே ரிமோட்டில், ப்ளூரேயில் 5.1 வருகிறது. இரண்டு சந்தேகம்: உதடு அசைவதற்கு முன்பே பேச்சு கேட்கிறது. ஸ்டிக்கின் இணையத்தை எச்டிஎம்ஐ வழியே டிவி பயன்படுத்திக்கொள்ளுமா?

பதில் 1

டிவி படத்தைச் செப்பனிட நேரம் எடுக்கிறது, அதனால் ஒலி முந்துகிறது. ரிசீவரில் 'லிப் சிங்க்' ஆட்டோவை முயலுங்கள். சரியாகாவிட்டால் தாமதத்தை 20 மில்லிவிநாடி வீதம் கூட்டிப் பாருங்கள். 'சினிமா' மோடில் சரிசெய்துவிட்டு 'கேம்' மோடுக்கு மாறினால் மறுபடி விலகும்.

பதில் 3

எச்டிஎம்ஐ 1.4-இல் ஈதர்நெட் தடம் வரையறுக்கப்பட்டது உண்மை. ஆனால் வீட்டுச் சாதனங்களில் அது நடைமுறைக்கே வரவில்லை. ஸ்டிக் தன் இணையத்தைப் பகிராது. ஸ்டிக்கின் சொந்தக் கண்காணிப்பைத்தான் கவனிக்க வேண்டும். அதன் தனியுரிமை மெனுவில் விளம்பர அடையாள எண்ணை நீக்கி, பயன்பாட்டுத் தரவு அனுப்புவதை நிறுத்துங்கள். ஆப் நிறுவனத்துக்கு நீங்கள் பார்ப்பது தெரியத்தான் செய்யும், அதைத் தடுக்க வழியில்லை.

கடைசியாக ரவுட்டரில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். டிவியின் பெயர் இன்னும் இருந்தால், பின்பக்கம் லேன் கேபிள் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு இதை மறப்பவர்கள் அதிகம்.