துலாம்பென் கப்பலில் கிளிமீன்கள் எழும் நேரம்

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் துலாம்பென் என்றொரு சின்ன ஊர். போன ஆண்டு நானும் என் சித்தி மகனும் அங்கே நான்கு நாள் தங்கி, கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் ஒரே கப்பலைப் பார்க்க ஏழு முறை டைவிங் இறங்கினோம். "ஏழு தடவையும் அதே கப்பலா?" என்று வீட்டில் கேட்டார்கள். இன்னொரு ஏழு கிடைத்தாலும் அங்கேயேதான் இறங்குவேன்.

கப்பலின் பெயர் லிபர்ட்டி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டிக் குவித்த லிபர்ட்டி வகைக் கப்பல்களில் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இது அவற்றுக்கெல்லாம் மூத்தது. 1918-இல் கட்டிய சரக்குக் கப்பல், பெயர் மட்டும்தான் ஒற்றுமை. ரப்பரும் ரயில் தளவாடங்களும் ஏற்றிக்கொண்டு வந்தபோது, 1942 ஜனவரி 11 அன்று அடுத்த தீவான லொம்பொக் பக்கத்தில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்ப்பிடோ தாக்கியது. இரண்டு போர்க்கப்பல்கள் கட்டி இழுத்துக்கொண்டு பாலியின் வடகரையிலுள்ள சிங்கராஜா துறைமுகத்துக்குப் புறப்பட்டன. வழியிலேயே தண்ணீர் ஏறிவிட்டதால் துலாம்பென் கரையில் தரைதட்ட வைத்தார்கள். அங்கேயே 21 ஆண்டு கிடந்தது. 1963-இல் பாலியின் ஆகுங் எரிமலை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போதைய நில அதிர்வில்தான் கப்பல் கரையிலிருந்து சரிந்து கடலுக்குள் போய்ப் படுத்தது.

அதனால் அங்கே படகே வேண்டாம், கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். கப்பலின் மேல்பகுதி ஐந்தாறு மீட்டரில் தொடங்குகிறது, அடிப்பகுதி முப்பது மீட்டர் பக்கம். நடப்பதுதான் கஷ்டம். கரை முழுக்க எரிமலைக் கல், தேங்காய் அளவில், உருண்டை உருண்டையாக, கறுப்பாக. அலை இழுக்கும்போது கடகடவென்று உருளும். நான் வெறும் உடம்போடு தடுமாறிய அந்தக் கல்லில், ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, டைவிங்குக்கான காற்று டேங்கைச் சுமந்துகொண்டு போகிறார்கள், சிலர் இரண்டு டேங்க். என் அம்மா வயதுள்ள ஓர் அம்மா என் டேங்கை இறக்கி வைத்துவிட்டு, என் கையையும் பிடித்துத் தண்ணீர் வரை கொண்டுபோய் விட்டார். போகிறவர்கள் அவர்களுக்குக் கூலியோடு சேர்த்து ஒரு புன்னகையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

முதல் நாள் பகலில் இறங்கினோம். புதுச்சேரியில் டைவிங் கற்றுக்கொண்ட எனக்கு, இருபது மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிந்ததே பெரிய விஷயம். பாரைக் கூட்டம் ஒன்று வெள்ளித் தகடாகச் சுழன்றுகொண்டிருந்தது. அப்புறம் தோட்ட விலாங்குகள். மணலில் நட்ட நாற்றுப்போல் நூற்றுக்கணக்கில் நிமிர்ந்து ஆடும், கிட்டே போனால் ஒவ்வொன்றாக உள்ளே போய்விடும். எல்லாம் அழகுதான். ஆனால் நான் எழுத வந்தது இரண்டாம் நாள் விடியற்காலையைப் பற்றி.

ஐந்தே முக்காலுக்கு டார்ச்சோடு இறங்கினோம். கப்பல் ஒரு பெரிய இருட்டாக மட்டும் தெரிந்தது. வழிகாட்டி டார்ச்சைக் கீழே தாழ்த்தச் சொல்லிக் கைகாட்டினார். இரும்புச் சட்டங்களுக்கு இடையில் ஏதோ அசைந்தது. முதலில் பாறை என்று நினைத்தேன். பாறைக்குக் கண் இருந்தது.

புடைநெற்றிக் கிளிமீன். கிளிமீன் இனத்திலேயே பெரியது இதுதான், 1.3 மீட்டர் நீளம் வரை வளரும். இரவில் கூட்டமாகக் கப்பலுக்குள் வந்து தூங்கும், வெளிச்சம் வரும் நேரத்தில் புறப்படும். ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. பதினெட்டு வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணத் தோன்றவில்லை. ஒன்று என்னிடமிருந்து இரண்டு கை தூரத்தில் நின்றது. முட்டி முட்டித் தேய்ந்த நெற்றி, அதில் பழைய கீறல்கள். உதட்டுக்கு வெளியே துருத்திய பல்லில் பச்சையாகப் பாசி. என் மூச்சுக்குமிழி மேலே போகும் சத்தம் எனக்கே அதிகமாகப் பட்டது. கரையேறியதும் தம்பி சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, அது என்னைப் பார்த்துச்சுக்கா." அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆழத்தில், கப்பலின் இரும்பில் வளர்ந்த ஒரு கடல் விசிறியில், அதாவது விசிறிபோல் கிளைவிரிக்கும் பவள வகையில், குள்ளக் கடல்குதிரை (பிக்மி சீஹார்ஸ்) இருந்தது. இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். விசிறியில் உள்ள இளஞ்சிவப்பு மொட்டுகளைப் போலவே அதன் உடம்பிலும் மொட்டுகள். 1969-இல் நியூ கலிடோனியாவில் ஒருவர் அருங்காட்சியகத்துக்காகக் கடல் விசிறியைச் சேகரித்து, மேசையில் வைத்துப் பார்த்தபோதுதான் இப்படியோர் உயிர் இருப்பதே தெரிய வந்தது. அந்த அளவுக்கு ஒளிந்து வாழ்வது. வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒரு புகைப்படக்காரர், அதன் முகம் கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்று உலோகக் குச்சியால் கிளையைத் தள்ளித் தள்ளித் திருப்பிக்கொண்டிருந்தார். அதுவோ வாலைச் சுற்றிக்கொண்டு மறுபடி மறுபடி அந்தப் பக்கம் திரும்பியது. தண்ணீருக்குள் கத்த முடியாது. என் இதயம் அடித்துக்கொண்டதில் காற்றுதான் வேகமாகக் குறைந்தது. எங்கள் வழிகாட்டி மெல்ல நீந்திப் போய், குச்சிக்கும் விசிறிக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை, அந்த ஆள் நகர்ந்து போகும்வரை. நான் அதைப் படம் எடுக்கவில்லை. எத்தனை வெளிச்சத்தைத்தான் அது தாங்கும்?

போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் ஒரு முறையாவது இறங்கிவிடுங்கள், அப்புறம் தீவின் தெற்கிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வந்துவிடுவார்கள். தடித்த அடியுள்ள காலணி அவசியம். இடுப்பளவு தண்ணீர் வந்த பிறகு ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) போடுங்கள். ஏறாமல் இறங்காமல் ஒரே ஆழத்தில் மிதந்து நிற்பது இன்னும் கைவரவில்லை என்றால் கடல் விசிறி பக்கம் போகாமல் மேல்பகுதியிலேயே சுற்றுங்கள், அங்கேயே பார்க்க அவ்வளவு இருக்கிறது.

கடைசி நாள் விடியலில் மறுபடி கிளிமீன்களுக்காகப் போனோம். பெரிய மீன் ஒன்று ஆண்டுக்கு 5 டன் அளவுக்குப் பவளப்பாறையைக் கடித்து அரைத்து மணலாக வெளியேற்றும் என்று படித்திருந்தேன். அன்று கண்ணால் பார்த்தேன். கூட்டத்தின் கடைசி மீன் தலைக்கு மேலே போகும்போது பின்னாலிருந்து வெள்ளையாக ஒரு புகை கிளம்பியது. அது பரவி, கோலமாவு உதிர்வதுபோல் மெதுவாக இறங்கி, துலாம்பெனின் கறுப்பு மணலில் படிந்தது.