உலக சாதனை எல்லாம் ஏன் சால்ட் லேக் சிட்டியிலேயே? ஏலகிரியில் பசங்களுக்கு டைம் டிரயல் வைக்கலாமா?

காட்பாடி_வீல்ஸ்:
லாங் டிராக் (400 மீட்டர் ஓவல், அதாவது முட்டை வடிவத் தளம்) ஐஸ் ஸ்கேட்டிங் சாதனைப் பட்டியலைப் பார்த்தா திரும்பத் திரும்ப ஒரே ஊர்தான் வருது. 2019 மார்ச்ல ஒரே வாரக் கடைசியில பாவெல் குலிஷ்னிகோவ் 500 மீட்டர் 33.61, கியெல்ட் நௌஸ் 1500 மீட்டர் 1:40.17, மிஹோ தகாகி அதே தூரம் 1:49.83, மார்ட்டினா சாப்லிகோவா 3000 மீட்டர் 3:52.02. நாலும் சால்ட் லேக் சிட்டி ஓவல்லதான். உயரம்தான் காரணம்னு சொல்றாங்க. அதுக்கு அடுத்து பேர் வர்ற கால்கரி 1,000 மீட்டர் சொச்சம் உயரம். நம்ம ஏலகிரியும் கிட்டத்தட்ட அதே உயரம்தானே. இன்லைன் (ஒரே வரிசையில சக்கரம் வெச்ச ஸ்கேட்) ஓட்டுற கிளப் பசங்களை அங்க கூட்டிட்டுப் போனா நேரம் குறையுமா? ரெண்டு ஊர்ல போட்ட நேரத்தை எப்படி ஒப்பிடறது?

பாலாறு_ஓவல்:
உயரம் பெரிய காரணம், சந்தேகமே இல்லை. ஐஸ்ல ஓடுறவருக்கு எதிரா நிக்கிற தடையில முக்கால் பங்குக்கு மேல காத்துதான். பிளேடு உரசல் ரொம்பக் கம்மி. சால்ட் லேக் ஓவல் 1,425 மீட்டர் உயரத்துல இருக்கு. கடல் மட்டத்தோட ஒப்பிட்டா அங்க காத்தோட அடர்த்தி ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு.

அது எவ்வளவு நேரத்தைக் கொடுக்கும்னு பார்க்க, ஒரே ஆள் ரெண்டு இடத்துல ஓடினதை எடுத்துக்கங்க. ஸ்வீடன்காரர் நில்ஸ் வான் டெர் போல் 2021 டிசம்பர்ல சால்ட் லேக்ல 5000 மீட்டரை 6:01.56-ல முடிச்சார், அப்போ அது உலக சாதனை. ரெண்டே மாசம் கழிச்சு, கடல் மட்டத்தை ஒட்டி இருக்கிற பெய்ஜிங்ல ஒலிம்பிக் தங்கம் வாங்கினப்போ 6:08.84. வித்தியாசம் 7.28 செகண்ட். 5000 மீட்டர்னா பன்னிரண்டரை சுத்து, ஆக சுத்துக்கு 0.6 செகண்டுக்குக் கொஞ்சம் கம்மி. ஆள் அதே ஆள், சீசனும் அதே சீசன், அதனால இந்த எண்ணை நம்பலாம். வேற வேற ஆட்களை வெச்சு கணக்குப் போட்டா ஒண்ணும் தேறாது.

ஆனா 10,000 மீட்டருக்கு வந்தா கதை மாறுது. மெல்லிய காத்துல தடையும் குறையும், மூச்சுக்கு ஆக்சிஜனும் குறையும். 500 மீட்டரோட 34 செகண்ட் ஓட்டத்துக்கு ஆக்சிஜன் பெருசா குறுக்க வராது. பன்னிரண்டரை நிமிஷம் ஓடும்போது காலைக் கட்டிப் போட்டுடும். அதனாலதான் வான் டெர் போல் 2021 பிப்ரவரியில நெதர்லாந்தோட ஹீரன்வீன்ல 12:32.95, 2022-ல பெய்ஜிங்ல 12:30.74-னு அடுத்தடுத்து ரெண்டு உலக சாதனையைத் தாழ்வான இடத்துலயே போட முடிஞ்சது. பெய்ஜிங் ஓட்டத்தை 25 சுத்தால வகுத்தா சராசரி 30.03. நின்ன இடத்துலேர்ந்து கிளம்புற முதல் சுத்தையும் சேர்த்துத்தான் இது. இந்த விளையாட்டோட மிகச் சிறந்த ஓட்டம் எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். 2025 ஜனவரியில டாவிடே கியோட்டோ 12:25.69-னு அதை முறியடிச்சார், கால்கரியில. மெல்லிய காத்துலயும் 25 சுத்துக்குத் தாக்குப்பிடிக்கிற மூச்சு அவர்கிட்ட இருந்தது.

ஆற்காடு_இன்லைன்:
ஏலகிரி விஷயம். வேலூர் 200 மீட்டர் சொச்சம், ஏலகிரி சுமார் 1,100. காத்தழுத்தம் பத்து சதவீதம் போல குறையும். ஆனா மேல குளிர்ச்சி, குளிர்ந்த காத்து அடர்த்தி அதிகம், அதுல ரெண்டு சதவீதம் திரும்பிப் போயிடும். இன்னொண்ணு: நம்ம ஊர் மே மாச 40 டிகிரியில காத்து, 20 டிகிரி காத்தைவிட ஆறு சதவீதத்துக்கு மேல மெல்லிசு. அதனால மார்கழிக் காலையில எடுத்த நேரத்தையும் மே சாயந்திர நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பசங்களைத் திட்டாதீங்க.

இன்லைன்ல வீல் உருளுற தடை ஐஸ் உரசலைவிடப் பல மடங்கு. தரை கொஞ்சம் சொரசொரப்பா இருந்தாலே உயரத்தால கிடைக்கிற லாபம் காணாமப் போயிடும். திறந்தவெளியில எதிர்க்காத்து வேற. ஏலகிரிக்குப் பயிற்சிக்குப் போங்க, ரெக்கார்டு எடுக்கப் போக வேண்டாம்.

ஐஸ்ல உயரத்துக்கு அடுத்து முக்கியம் ஐஸ் போடுற விதம். தண்ணியில கரைஞ்ச உப்பு இருந்தா ஐஸ் பொடபொடன்னு ஆகும், அதனால உப்பை நீக்கின தண்ணியை சூடா, மெல்லிசா, அடுக்கடுக்கா ஊத்துவாங்க. சூடு பண்ணினா கரைஞ்ச காத்தும் வெளியேறி ஐஸ் கெட்டியாகும். பாத்திரத்துல வெள்ளையாப் படியுற நம்ம போர் தண்ணியை ஊத்தினா பிளேடு ஓடவே ஓடாது. ஐஸோட மேல்பரப்பு மைனஸ் 6 முதல் 9 டிகிரியில இருந்தா உரசல் ரொம்பக் குறைவு. சூடு ஏறினா பிளேடு அழுந்தும், ரொம்பக் குளிர்ந்தா வழுக்காது.

காட்பாடி_வீல்ஸ்:
ரொம்ப நன்றி சார், தெளிவாயிடுச்சு. சாட் ஹெட்ரிக், பார்ட் ஸ்விங்ஸ், எரின் ஜாக்சன் எல்லாரும் இன்லைன்லேர்ந்து ஐஸுக்குப் போய் ஒலிம்பிக் தங்கம் வாங்கினவங்க. நம்ம பசங்க மாறினா முதல்ல எங்க தடுமாறுவாங்க?

ஆற்காடு_இன்லைன்:
கிளாப் ஸ்கேட்ல. பிளேடு முன்பாதத்துக்குக் கீழ ஒரு கீல்ல மட்டும் பூட்டியிருக்கும், குதிகால் பக்கம் திறக்கும். உதைச்சு முடிக்கிறப்போ குதிகால் எழும்பினாலும் பிளேடு முழுசா ஐஸ்லயே இருக்கும், கணுக்காலோட பலமும் சேரும். 1996-97 சீசன்ல டச்சுப் பெண்கள் இதைப் போட்டு ஜெயிக்க ஆரம்பிச்சாங்க. 1998 நகானோ ஒலிம்பிக்ல கிட்டத்தட்ட எல்லாரும் மாறிட்டாங்க, ஜியானி ரொம்மே அங்க 10,000-ஐ 13:15.33-க்கு இறக்கினார்.

ஸ்பிரிங் தளர்வா இருந்தா காலைக் கீழ வைக்கிறதுக்குள்ள பிளேடு மூடாது, முனை ஐஸ்ல குத்தி ஆள் விழுவார். இறுக்கமா இருந்தா உதைக்கிற சக்தியில கொஞ்சம் ஸ்பிரிங்கைத் திறக்கவே போயிடும். பிளேடுக்கு அடியில ஹாக்கி பிளேடு மாதிரிக் குழி இருக்காது. மட்டமா தீட்டி, ரெண்டு ஓரமும் சரியா 90 டிகிரி. ரெண்டு பிளேடையும் ஜிக்ல (பிளேடைப் பிடிச்சு நிறுத்துற சட்டம்) ஒண்ணாப் பூட்டிக் கல்லால தேய்ச்சு, கடைசியில ஓரத்துப் பிசிறை எடுக்கணும். பிசிறு நின்னா வளைவுல கால் பறிச்சுக்கும். இன்லைன் டபுள் புஷ் (ஒரே காலால ரெண்டு தரம் தள்ளுறது) பழக்கமும் ஐஸ்ல அப்படியே செல்லாது.

பாலாறு_ஓவல்:
இன்னொண்ணு, ஜோடி. ரெண்டு பேர் ஓடுவாங்க, சுத்துக்கு ஒருதரம் தடம் மாறுவாங்க. மாறும்போது வெளித்தடத்துலேர்ந்து உள்ளே வர்றவருக்குத்தான் முன்னுரிமை, உள்ளேயிருந்து வெளிய போறவர் வழிவிடணும். எதிராளி சில மீட்டர் முன்னால போனா அவர் முதுகுக்குப் பின்னால காத்துத் தடை குறையும். நல்ல ஜோடி அமையாம வீணாப்போன சாதனை ஓட்டங்கள் உண்டு. 500-ல கடைசி வளைவு உள்தடமா வந்தா உச்ச வேகத்துல இறுக்கமாத் திரும்பணும், பலருக்கு அங்கதான் கால் நழுவும். இதனாலதான் 1998 முதல் 2014 வரை ஒலிம்பிக் 500-ஐ தடம் மாத்தி ரெண்டு தடவை ஓடவிட்டாங்க.

ஒப்பீடுன்னு நீங்க கேட்டதுக்கு என் பதில், ஒரே ஓவல்ல போட்ட நேரங்களைப் பாருங்க. பெண்கள் 500 மீட்டர்ல லீ சாங் ஹ்வா 2013-ல சால்ட் லேக்ல 36.36, அதே ஓவல்ல 2025 நவம்பர்ல ஃபெம்கே கோக் 36.09. பன்னிரண்டு வருஷத்துல 0.27 செகண்ட். பசங்களுக்கும் அப்படியே பண்ணுங்க: ஒரே ரிங்க், ஒரே வேளை. முதல் 100 மீட்டரைத் தனியா, ஒவ்வொரு சுத்தையும் தனியா குறிச்சு வெச்சு, பக்கத்துல வெயில் எத்தனை டிகிரின்னும் எழுதிடுங்க.